கேட் எழுதும் சாதாரண மாணவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் தேர்வு முடிவு டிசம்பர் கடைசியில் வந்ததும் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி வரும். 100 பெர்சன்டைல் எடுத்தவர்கள் இத்தனை பேர், அதில் பொறியாளர்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர் என்று இருக்கும். 2024 தேர்வில் அப்படி 14 பேர். தேர்வை எழுதியவர்கள் ஏறக்குறைய 2.93 லட்சம் பேர். அந்த 14 பேரைப் பற்றி எழுதுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது அவர்கள் உழைத்து வாங்கியது. ஆனால் பத்தாம் வகுப்பில் 80 சதவீதம், கல்லூரியில் 65 சதவீதம், பெரிய பரிசோ பதக்கமோ எதுவும் இல்லை என்ற நிலையில் இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ அந்தச் செய்தியைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? இது நமக்கானது இல்லை என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள். நான் அப்படித்தான் மடித்து வைத்தேன், அதில் எனக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விட்டன. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் திருப்பூர்க்காரி. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா வீட்டில் இருந்தபடியே பீஸ் கணக்கில் பிசிறு வெட்டிக் கொடுப்பார். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, 500-க்கு 412. பிளஸ் டூவில் காமர்ஸ், 1200-க்கு 945. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் பி.காம்., 68 சதவீதம், நடுவில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அரியர். விளையாட்டு, பேச்சுப் போட்டி, மாணவர் மன்றம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. கல்லூரி முடிந்ததும் வீட்டுக்கு வந்து பிசிறு வெட்டினால்தான் அன்றைய கணக்கு முடியும், மன்றத்துக்கு எங்கே போவது? 2018-ல் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் உதவி மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில், மாதம் 11 ஆயிரத்துக்குச் சேர்ந்தேன். 2023 ஜூனில் கோழிக்கோடு ஐஐஎம்மில் சேர்ந்து, இரண்டு ஆண்டு படித்து முடித்து, இப்போது பெங்களூரில் வேலை செய்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை அப்போது எனக்கு யாராவது தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே முயற்சியில் முடிந்திருக்கும், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். பொறியியல் படித்தவர்கள் எம்.டெக். சேர எழுதும் தேர்வையும் நாம் தமிழில் 'கேட்' என்றே எழுதுகிறோம், எம்பிஏ தேர்வையும் 'கேட்' என்றே எழுதுகிறோம். கல்லூரியில் படிக்கும்போது 'கேட் தேர்வு' என்று தலைப்பைப் பார்த்து, இது இன்ஜினியரிங்காரர்களுடையது என்று எத்தனை முறை தாண்டிப் போயிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. தலைப்பிலேயே 'எம்பிஏ' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் போட்டால் போதும், என் மாதிரி பி.காம்., பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.

ஐஐஎம் என்ற சொல் என் காதில் முதலில் விழுந்ததே சரத்பாபு அவர்களைப் பற்றிய செய்தியில்தான். மடிப்பாக்கத்தில் இட்லி விற்ற அம்மாவின் மகன், அகமதாபாத் ஐஐஎம்மில் படித்து 2006-ல் வெளியே வந்து சொந்தமாக உணவுத் தொழில் தொடங்கியவர். எங்கள் டீச்சர் வகுப்பில் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. அவர் பிலானியில் பிட்ஸ் கல்லூரியில் பொறியியல் முடித்துவிட்டுப் போனவர் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. இந்திரா நூயி அவர்களும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, கல்கத்தா ஐஐஎம், பிறகு அமெரிக்காவில் யேல் என்று போனவர். இவர்கள் எல்லோரையும் மனதார மதிக்கிறேன். ஆனால் நம் பத்திரிகைகளில் வரும் ஐஐஎம் செய்திகளில் ஒன்று பிறவி மேதை இருக்கிறார், இல்லாவிட்டால் கண்ணீர் வரவழைக்கும் வறுமையிலிருந்து வந்தவர் இருக்கிறார். இரண்டும் இல்லாமல், மாதக் கடைசியில் கை கடிக்கிற ஒரு வீட்டில், சுமாராகப் படித்து, சுமாரான வேலைக்குப் போகும் லட்சக்கணக்கான பேருக்கு அதில் இடமே இல்லை.

சரி, தேர்வுக்கு வருகிறேன். 2020 நவம்பரில் முதல் முறை எழுதினேன், 71 பெர்சன்டைல். இரண்டு மணி நேரத் தேர்வு, ஆங்கிலம், தரவுகளை வைத்துப் போடும் புதிர்கள், கணக்கு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊர் தேர்வுப் பழக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதப் போய் மாட்டிக்கொண்டேன். சரியான பதிலுக்கு 3 மதிப்பெண், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறானால் 1 மதிப்பெண் கழியும். பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது, இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும்: 2023 தேர்வில் மொத்தம் 198 மதிப்பெண், அதில் பாதி கூட எடுக்காதவர்கள் 99 பெர்சன்டைல் வாங்கியிருக்கிறார்கள். பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு இல்லை, நமக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. 99 என்றதும் பயந்துபோய் விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் என் வகுப்பிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் நமக்கு வருகிற கேள்விகளை அடையாளம் கண்டு அதைத் தப்பில்லாமல் போட்டாலே வெகுதூரம் போகலாம், வராததை விட்டுவிடத் தைரியம் வேண்டும், அந்தத் தைரியம் வர எனக்கு ஒரு முழு ஆண்டு ஆனது.

கணக்கு பெரும்பாலும் பத்தாம் வகுப்பை ஒட்டியதுதான். சதவீதம், விகிதம், லாப நட்டம், எண்ணியல், கொஞ்சம் இயற்கணிதம், கொஞ்சம் வடிவியல். மெர்ச்சண்டைசர் வேலையில் தினமும் கிலோ, வேஸ்டேஜ், சதவீதம் என்று போட்டதால் பாதி பயம் போய்விட்டது. ஆனால் ஆங்கிலம்தான் என்னைக் கலங்க வைத்தது. அந்தப் பகுதியில் 24 கேள்வி என்றால் 16 கேள்வி நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. தத்துவம், கலை வரலாறு, சூழலியல் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் வரும், இலக்கண விதிகளை மனப்பாடம் செய்து அதைத் தாண்ட முடியாது. நான் செய்தது ஒன்றே ஒன்று. தினமும் ராத்திரி ஒரு நீளமான ஆங்கிலக் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் தமிழில் சொல்வேன். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்குப் புரிந்தால் எனக்கும் புரிந்திருக்கிறது, அவர் 'என்ன சொல்றீன்னே தெரியலையே சாமி' என்றால் எனக்கே புரியவில்லை, மறுபடி படிக்க வேண்டும். எட்டு மாதம் இப்படிப் போனது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், ஆங்கிலத்தில் பேசத் தெரிய வேண்டும் என்ற கவலையைத் தள்ளி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

பயிற்சி மையத்துக்குப் போக வசதி இல்லை. கேட் தேர்வின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே பழைய ஆண்டுகளின் வினாக்கள் இலவசமாக இருக்கின்றன, அவற்றோடு காசு கொடுத்து ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு மட்டும் வாங்கினேன். எழுதுவதை விட, எழுதியபின் எங்கே தவறினேன் என்று பார்க்க அதிக நேரம் கொடுத்தேன்.

2021-ல் 88 பெர்சன்டைல் வந்தது. ஆனால் உருப்படியான ஒரு நேர்காணல் அழைப்பு கூட வரவில்லை. இதற்கு இரண்டு காரணம், இரண்டுமே தெரியாத்தனம்.

முதல் காரணம் சாதிச் சான்றிதழ். ஐஐஎம்கள் மத்திய அரசு நிறுவனங்கள், அவற்றில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு (ஓபிசி) 27 சதவீதம் இட ஒதுக்கீடு இருக்கிறது. 2006-ல் வந்த சட்டம், 2008-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் நம் மாநிலத்தில் பள்ளியில் வாங்கி வைத்திருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைத்த பிரிவில், இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். நம் சாதி மாநிலப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும், எங்களுடையது இரண்டிலும் இருக்கிறது. விண்ணப்பம் போட நான் போன கணினி மையத்தில் 'பிசி சர்டிபிகேட் எடுக்காதும்மா, ஜெனரல்னு போட்டுக்க' என்று சொன்னார்கள், நானும் சரி என்று பொதுப்பிரிவில் போட்டுவிட்டேன். பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஓர் ஆண்டு அப்படியே போனது. அன்றைக்கு ராத்திரி அப்பா எதுவும் பேசவில்லை, மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் 'அடுத்த தடவை நானே கூட வர்றேன்' என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு அரை நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு என்னோடு வந்தார்.

இதில் இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டினால் ஓபிசி சான்றிதழ் கிடைக்காது என்று பலர் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்று 1993-ல் மத்திய அரசு போட்ட உத்தரவிலேயே இருக்கிறது. பெற்றோர் வகிக்கும் பதவியைப் பொறுத்துத் தனி விதிகள் உண்டு, அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பில் போடுகிறார்கள். ஆகஸ்டில் பதிவு தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும், தாலுகா அலுவலகத்தில் கையெழுத்தாகி வர நாளாகும், எனவே ஜூலையிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இட ஒதுக்கீட்டில் சேர்ந்தேன் என்று சொல்ல எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. அது எனக்கு உரியது, ஒரு காகிதம் தெரியாததால் ஓர் ஆண்டு அதை இழந்தேன்.

இரண்டாவது காரணம், எங்கே எதை எடை போடுகிறார்கள் என்று தெரியாமல் விண்ணப்பித்தது. எல்லா ஐஐஎம்மும் ஒரே மாதிரி ஆள் எடுப்பதாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெங்களூரும் அகமதாபாத்தும் கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன, அங்கே என் 78 சதவீத பிளஸ் டூ என்னைக் கீழே இழுக்கும். கோழிக்கோடு பெண்களுக்கும் பொறியியல் அல்லாத படிப்பு படித்தவர்களுக்கும் தனியாக மதிப்பெண் கொடுத்து வந்திருக்கிறது, 2013-ல் அங்கே சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். புதிய ஐஐஎம்களில் பல ஒன்று சேர்ந்து பொதுவாக ஒரே நேர்காணல் நடத்துகின்றன, நம் திருச்சி ஐஐஎம்மும் அப்படி நடத்தியிருக்கிறது. ஜாம்ஷெட்பூரில் 1949-ல் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரி ஜனவரியில் எக்ஸாட் என்ற தனித் தேர்வு வைக்கிறது, நேர்காணலுக்கு அழைக்க அந்தத் தேர்வு மதிப்பெண்ணைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது, பள்ளி மதிப்பெண் குறைந்தவர்களுக்கு இது பெரிய வாசல். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ் என்ற மேலாண்மைத் துறையில் கட்டணம் ஐஐஎம்களோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு. இதெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் வெளிப்படையாகவே தன் சேர்க்கைக் கொள்கையில் எழுதி வைத்திருப்பதுதான், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தால் நம் மதிப்பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்துவிடும். நான் அதைச் செய்யாமல் பேர் கேள்விப்பட்ட ஒன்பது தனியார் கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பக் கட்டணம் கட்டி 14 ஆயிரம் ரூபாயை விட்டேன், என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கேட் விண்ணப்பத்தில் எத்தனை ஐஐஎம்களைக் குறித்தாலும் ஒரே கட்டணம்தான், மற்ற கல்லூரிகளுக்குத்தான் தனி. மொத்த பெர்சன்டைல் மட்டுமன்றி ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச அளவு இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது, 88-ல் என் கணக்குப் பகுதி மட்டும் 60-ஐ ஒட்டி நின்றது.

பொதுப்பிரிவில் இருக்கும், பொறியியல் படித்த பையன்களுக்கு இது இன்னும் கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. அதே கல்லூரிக்கு அவர்களுக்கு இன்னும் அதிகமான பெர்சன்டைல் வேண்டியிருக்கும். என்னோடு படித்த அப்படிப்பட்ட நண்பர்கள் பலர் நான்காவது முறை எழுதி வந்தவர்கள், ஐடி கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்தவர்கள். சிலர் ஐந்தாறு ஆண்டு அனுபவம் சேர்த்துக்கொண்டு ஓராண்டு எம்பிஏ படிப்புகளுக்குப் போனார்கள், அதுவும் நல்ல வழிதான்.

2022 நவம்பரில் மூன்றாவது முறை, மதுரையில் எழுதினேன், 95 பெர்சன்டைலைக் கொஞ்சம் தாண்டியது. மூன்று நேர்காணல் அழைப்புகள். இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு முக்கியமானது.

நேர்காணலுக்கு நான் முதலில் தயாரித்த பதில்களை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தலைமைப் பண்பு, குழுவாகப் பணியாற்றுதல், தொலைநோக்கு என்று எங்கெங்கோ பார்த்து எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் ஒரு பையரின் அலுவலகத்தில் ஓர் அக்கா இருந்தார், கோயம்புத்தூர்க்காரர், பத்து ஆண்டுக்கு முன்பே ஐஐஎம் முடித்தவர். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், ஒரு மாலை போனில் என்னை நேர்காணல் செய்தார். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, 'நீ சொல்றதுல நீ எங்க கண்ணு இருக்கே? போன வருஷம் நூல் விலை ஏறுனப்ப எங்கிட்ட சண்டை போட்டியே, அதைச் சொல்லு' என்றார்.

2022 தொடக்கத்திலிருந்தே பருத்தி நூல் விலை மாதாமாதம் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும், மே 16, 17 தேதிகளில் திருப்பூரே வேலைநிறுத்தம் செய்தது. ஜனவரியில் ஒரு நூல் விலையை வைத்து பையருக்குப் பீஸ் விலை சொல்லியிருப்போம், மே மாதம் அந்த ஆர்டருக்கு நூல் வாங்கும்போது விலை எங்கேயோ போயிருக்கும். அனுப்பினால் நஷ்டம், அனுப்பாவிட்டால் பையர் போய்விடுவார். எந்த ஸ்டைலில் துணி எடையைக் கொஞ்சம் குறைக்கச் சம்மதம் கேட்கலாம், எதை முதலில் அனுப்பலாம், எதற்குத் தேதி தள்ளிக் கேட்கலாம் என்று நான்கு நாள் உட்கார்ந்து நானும் எங்கள் கணக்காளர் அண்ணனும் கணக்குப் போட்டு முதலாளியிடம் கொடுத்தோம். எல்லா ஆர்டரையும் காப்பாற்ற முடியவில்லை, சிலவற்றைக் காப்பாற்றினோம். இது என் வேலை, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

நேர்காணலில் அரியரைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில்தான் தவறினேன், பாடத்தைப் புரியாமல் மனப்பாடம் செய்ததால் தவறினேன், பிறகு அதே காஸ்டிங்கைத்தான் நான்கு ஆண்டாகத் தினமும் போடுகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். 'எங்கே, ஒரு டி-சர்ட்டுக்குப் போட்டுக் காட்டுங்கள்' என்று பேப்பரைக் கொடுத்தார்கள். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங் வேஸ்டேஜ், தையல், பிரிண்ட், பேக்கிங், துறைமுகம் வரை லாரி வாடகை என்று எழுதிக்கொண்டே போனேன். சாயத்துக்கு ஏன் இவ்வளவு என்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், நொய்யலில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்பதும், அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டியிருப்பதால் கிலோவுக்கு எவ்வளவு கூடுகிறது என்பதும் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. அப்போது நான் எட்டாம் வகுப்பு, எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வேலை இல்லை. வங்கதேசம் ஏன் நம்மை முந்துகிறது என்று கேட்டார்கள், அவர்கள் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்புகிறார்கள், நமக்கு வரி உண்டு என்றேன், சரி, வரி போனால் மட்டும் ஜெயித்துவிடுவோமா என்று மடக்கினார்கள், பதில் பாதிதான் வந்தது. தெரிந்தவரை சொல்லிவிட்டு இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை என்றேன். என் ஆங்கிலம் ஆங்காங்கே தடுமாறியது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் வேலை செய்யும் பையனுக்கும், நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதும் பெண்ணுக்கும், ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவருக்கும் இதே போல சொல்ல இருக்கிறது. தங்கள் வேலையில் பணம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எதனால் தாமதமாகிறது என்று கவனித்து வைத்திருக்கிறார்கள். தங்களைச் சாதாரணம் என்று நினைத்து அதை வெளியே சொல்லாமல், யாரோ எழுதிய பதிலைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

கடைசியாகப் பணம். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து என் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டியது. எங்கள் வீட்டில் அந்தத் தொகையைச் சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை. முதலில் போன ஒரு வங்கிக் கிளையில் சொத்துப் பத்திரம் இல்லாமல் பேசவே முடியாது என்றார்கள். உண்மையில் ஐஐஎம் போன்ற நிறுவனங்களைத் தனிப்பட்டியலில் வைத்து, அடமானம் இல்லாமலே கடன் தரும் திட்டம் பல வங்கிகளில் இருக்கிறது, இன்னொரு வங்கியில் மூன்று வாரத்தில் கிடைத்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன் உண்டு, 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பட்டியலின மாணவர்களுக்கு உயர்தரக் கல்விக்கான மத்திய அரசு உதவித்தொகையில் ஐஐஎம்களும் வருகின்றன. நான் இப்போது மாதம் 28 ஆயிரம் தவணை கட்டுகிறேன், சம்பளத்தில் கட்ட முடிகிறது, ஆனாலும் லேசான சுமை இல்லை. வேலைச் சந்தை மோசமான ஆண்டில் இது இறுக்கும், சேருமுன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே சேர வேண்டும்.

ஐயா, நான் கேட்பது இதுதான். டிசம்பரில் வெற்றிச் செய்தி போடுங்கள், அதோடு ஜூலைத் தொடக்கத்தில் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். ஓபிசி சான்றிதழை எப்படி, எப்போது வாங்குவது, எந்த நிறுவனம் எதை எடை போடுகிறது, கடன் எங்கே கிடைக்கும் என்று அதில் வரட்டும். பட்டப்படிப்பில் 50 சதவீதம், பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45 சதவீதம் இருந்தாலே தேர்வு எழுதலாம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், இது தெரியாமல் முதல் வகுப்பு இல்லையே என்று ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், என் நண்பர்களிடமும் கேட்டு வாங்கித் தருகிறேன், சன்மானம் எதுவும் வேண்டாம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தெருவில் பி.காம். கடைசி ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் 74 சதவீதம், பிளஸ் டூவில் 71. 'அக்கா, எனக்கெல்லாம் கிடைக்குமா' என்று கேட்டாள். அகமதாபாத்தும் பெங்களூரும் கஷ்டம், மற்றவற்றைப் பார்ப்போம் என்று உள்ளதைச் சொன்னேன். திங்கட்கிழமை அவளும் அவள் அப்பாவும் இ-சேவை மையத்துக்குப் போய் ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
திருப்பூர்